இருதயராஜின் எடை

மல்லாபூரில் லூர்துமேரி வளர்த்த பூனைக்குட்டி முதல் தடவை கக்கியபோது, செரிக்காத சோற்றின் நடுவில் அவள் புருஷன் இருதயராஜின் சட்டைப் பொத்தான் கிடந்தது. அன்று புதன்கிழமை. தக்காளி விலை இறங்கியிருந்தது, தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. குட்டி ஒரு கிண்ணம் பால்சோற்றை மூச்சு விடாமல் விழுங்கிவிட்டு, கொஞ்சம் நடந்து, முதுகை வளைத்து, தின்றது அத்தனையையும் தரையில் திருப்பிக் கொடுத்தது. துடைக்கத் துணி எடுத்து வந்தவள் பொத்தானைப் பார்த்தாள். வெள்ளைப் பொத்தான், அதன் துளைகளில் நீல நூல். வீட்டில் வெள்ளை நூல் தீர்ந்துபோன ஒரு நாளில் அவள்தான் அதை நீல நூலால் தைத்துக் கொடுத்திருந்தாள். அதைக் கழுவி, ஜன்னல் மேடையில் மாதா சொரூபத்தின் காலடியில் வைத்துவிட்டு, மிச்சத் தரையைத் துடைத்தாள். இருதயராஜ் காணாமல்போய் அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது.

இருதயராஜின் தாத்தா வேலூர்ப் பக்கமிருந்து தெலுங்கு நாட்டு லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு ரிவெட் அடிக்க வந்தவர். அப்பாவும் அதே ஒர்க்‌ஷாப்பில்தான் இருந்தார், வேலையில் இருக்கும்போதே இறந்தார். அப்படி இறந்தால் பிள்ளைகளில் ஒருவனுக்கு வேலை உண்டு, இரண்டு பேருக்கு இல்லை. மூத்தவன் ஜெயச்சந்திரனுக்கு அந்த வேலையும் குவார்ட்டர்ஸும் கிடைத்தன. இளையவன் இருதயராஜுக்கு அப்பாவின் சைக்கிளும் அப்பாவின் இருமலும் கிடைத்தன. அண்ணன் மேல் அவனுக்கு வருத்தம் இருந்ததாக யாரும் சொன்னதில்லை. அவன் மல்லாபூரில் சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டுக்கு லூர்துமேரியைக் கட்டிக்கொண்டு வந்தான், சபீனா என்று ஒரு மகள் பிறந்தாள், ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தான். லூர்துமேரி பேகம்பேட்டில் ஒரு ஆபீஸில் தரை துடைத்தாள். வீட்டில் பெற்றவர்கள் தமிழில் பேசுவார்கள், மகள் ஹிந்தியில் பதில் சொல்லுவாள். அதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

இருதயராஜிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது, அவன் வேகமாகத் தின்பான். ஜீடிமெட்லா போகும் கான்ட்ராக்டர் வண்டி தெருமுனையில் வந்து ஹார்ன் அடிக்கும், இரண்டாவது ஹார்னுக்கு ஏறாதவனை விட்டுவிட்டுப் போய்விடும். அதனால் அவன் அடுப்படியில் நின்றபடியே தின்றான். ஒரு கவளம் விழுங்குவான், வாசலைப் பார்ப்பான், அடுத்த கவளம் விழுங்குவான். விக்கல் வரும், சில நாள் வண்டிக்குப் போகிற வழியில் தின்றது வெளியே வந்துவிடும். வருஷக்கணக்காக லூர்துமேரி அவனிடம் ஒரே பழமொழியைச் சொன்னாள், நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று. அவனும் வருஷக்கணக்காக ஒரே பதிலைச் சொன்னான்.

"நூறு வயசு வரைக்கும் இந்த வண்டியில போறதா? நக்கோ மேரி, வேணாம்."

கான்ட்ராக்ட் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மூன்று முறை சொல்லாமல் லீவு போட்டால் கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். எனவே ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால், அன்று ஓய்வில் இருக்கும் இன்னொருவன் அவன் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போவான். வாட்ச்மேன் பாஸைப் பார்ப்பாரே தவிர முகத்தைப் பார்க்க மாட்டார். தொப்பியும் முகமூடியும் போட்ட பிறகு பார்ப்பதற்கு முகம் எங்கே இருக்கிறது. கம்பெனிக்கும் இது தெரியும், கான்ட்ராக்டருக்கும் தெரியும், வேலை நடந்தால் சரி என்று இருந்துவிட்டார்கள். அதே தெருவில் இருந்த ராகேஷுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டு ஏற்கெனவே இரண்டு லீவு ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த இருதயராஜ், கோயிலுக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல், ராகேஷின் பாஸை வாங்கி மாட்டிக்கொண்டு, நின்றபடியே தின்று, வண்டி ஏறினான்.

அன்று மத்தியானம் ரியாக்டர் வெடித்தது. தீ மறுநாள்வரை எரிந்தது, அந்தச் சூட்டில் இரும்புப் படிகளே வளைந்து தொங்கின என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கம்பெனி கணக்கெடுத்தது. பாஸ்படி உள்ளே போனவர்களில் சிலருக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லை. ராகேஷ் எங்கே என்று கேட்டார்கள். திங்கட்கிழமை காய்ச்சலோடு கேட்டில் வந்து நின்ற ராகேஷின் தோளில் கான்ட்ராக்டர் கை போட்டு, இதோ இருக்கிறான் பாருங்கள், பிழைத்து வந்துவிட்டான் என்றார். ராகேஷ் தலையாட்டினான். அவனுக்கு வயது இருபத்து மூன்று, வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு தங்கை. இருதயராஜைப் பற்றிக் கேட்டபோது, அன்று அவனுக்கு ஓய்வு நாள் என்றார்கள். ஓய்வு நாளில் ஒருவன் கம்பெனிக்குள் செத்திருக்க முடியாது என்பது யாருக்கும் புரியும் நியாயம்தான்.

செத்தவனுக்கு உடம்பில்லாவிட்டால் அவன் ஓடிப்போனவன் ஆகிவிடுகிறான். போலீஸ் ஸ்டேஷனில், வளர்ந்த ஆம்பளை, கோபம் தீர்ந்தால் வருவான் என்றார்கள். விஜயவாடாவில் ஒரு பொம்பளையோடு பார்த்ததாகத் தெருவில் ஒருத்தர் சொன்னார், அந்தப் பொம்பளையின் புடவை நிறத்தை இன்னொருத்தர் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. லூர்துமேரி யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் திருநாள் அன்று ரயில்வே தமிழ்க் கிறிஸ்தவர்கள் எல்லோரும் தங்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, சாமியார் வந்து மந்திரிக்கும்வரை பக்கத்தில் நிற்பார்கள். நிற்பதற்கு அவளுக்கு ஓர் இடம் வேண்டும். கல்லறை இருக்கிறவனை யாரும் ஓடிப்போனவன் என்று சொல்ல முடியாது.

புதைக்க ஏதாவது மிச்சம் உண்டா என்று கேட்கத்தான் அவள் பேகம்பேட் வேலை முடிந்ததும் பஸ் மாறி மாறி ஜீடிமெட்லா போய்க் கம்பெனி கேட்டில் நின்றாள். வாட்ச்மேன் முதலில் விரட்டினார், பிறகு பழகிவிட்டார், நிற்க நிழல் காட்டினார். ஒரு சாயங்காலம் மதிலுக்கு அடியில் கழிவுநீர் வரும் துவாரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பூனைக்குட்டி வெளியே வந்தது. எலும்பெல்லாம் தெரிந்தது. அவள் பையில் இருந்த பன்னை, காகிதத்தோடு சேர்த்து விழுங்கியது, பஸ் நிறுத்தம்வரை பின்னாலேயே வந்தது. அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பிறகு கேட்டுக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவளுக்கும் தெரியாது.

பொத்தானுக்குப் பிறகு அடுத்த வாரம் அவன் சைக்கிள் சாவி வந்தது. அதற்கடுத்து அவன் கழுத்தில் போட்டிருந்த உத்தரியம், கயிறு கருகாமல், மாதா படம் நனையாமல் வந்தது. பிறகு ஒரு நாள் அவன் கம்பெனியில் போடும் இடதுகால் ரப்பர் பூட்ஸ் வந்தது. பூட்ஸ் பூனையைவிடப் பெரியது. அது எந்த வழியாக வந்தது என்று சபீனாவின் பள்ளித் தோழிகள் கேட்டார்கள், வாய் வழியாக என்று அவள் சொன்னாள். குட்டி கிடைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் விழுங்கியது, விழுங்கியதை எல்லாம் கக்கியது, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை இருதயராஜின் சாமான் ஒன்று அதில் இருந்தது. மெதுவாகத் தின்ற நாளில் எதுவும் வரவில்லை. ஒவ்வொரு சாமான் வெளியே வந்த பிறகும் குட்டி கொஞ்சம் இளைத்தது. வந்தபோது அதன் விலா எலும்புகள் தெரிந்தன, ஐப்பசி பிறந்தபோது தோலுக்குள் இதயம் அடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

சபீனாதான் அதைத் துணியில் சுற்றி டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். நாச்சாரத்தில் ஒரு சின்ன கிளினிக் வைத்திருந்த சுப்ரியா என்ற பெண் டாக்டர் குட்டியைத் தராசில் வைத்து, நாலு மாதக் குட்டிக்கு இரண்டு மாத எடைகூட இல்லை என்றார். கக்கியதைக் காட்டச் சொன்னார். லூர்துமேரி உத்தரியத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி சாமான்களை வீட்டில் கீழே போட்டு வைக்காதீர்கள் என்றார். பூச்சி மருந்து கொடுத்தார். பால் கூடாது, உப்பில்லாமல் வேகவைத்த கோழி, கொஞ்சம் சோறு, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்பூன் என்றார். கிண்ணத்தில் வைக்காமல் அகலமான தட்டில் பரப்பி, நடுநடுவே பெரிய கல் வைத்தால் கல்லைச் சுற்றிச் சுற்றி நக்கித்தான் தின்ன முடியும், வேகம் தானாகக் குறையும் என்றார். பட்டினி கிடந்த குட்டிகள் எப்போதும் யாரோ பிடுங்க வருவதாக நினைத்துக்கொண்டே தின்னும், பயம் போனால் கக்கல் போகும் என்று தெலுங்கில் சொன்னார். லூர்துமேரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கிண்ணத்தையே வைத்தாள்.

அவளை இதில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பொத்தான் வந்தால் சட்டை வரலாம், சட்டை வந்தால் அதற்குள் இருந்தவன் வரலாம் என்று யாருக்குத்தான் தோன்றாது. ஜெயச்சந்திரனுக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர் ரயில்வே தமிழ்க் கிறிஸ்தவர்களின் அடக்கச் சங்கத் தலைவர். ஊரில் யார் செத்தாலும் பெட்டிக்குச் சொல்லி, குழிக்கு ஆள் பிடித்து, பாட்டுப் புத்தகம் கொண்டுவந்து கொடுப்பவர். சொந்தத் தம்பிக்கு ஒரு பிடி மண் போட முடியாமல் இருந்தார். பூட்ஸ் வந்த அன்று அதை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனார். சாமியார் நல்ல மனிதர், தெலுங்கர், தமிழ்ப் பூசையைத் தப்பில்லாமல் வைப்பவர். மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்குத் திரும்புவதுதான் அடக்கம், ரப்பர் மண்ணிலிருந்து வரவில்லையே ஜெயச்சந்திரன் என்றார். கல்லறைத் தோட்டத்தில் இடமும் குறைவு, ஒரு குழியில் மூன்று தலைமுறை படுத்திருக்கிறது, பூட்ஸுக்கு ஒரு குழி கொடுத்தால் மற்றவர்கள் என்ன சொல்லுவார்கள். ஒரு எலும்பாவது கொண்டுவா, சின்ன எலும்பாக இருந்தாலும் போதும், நானே வந்து வைக்கிறேன் என்றார்.

அன்றிலிருந்து ஜெயச்சந்திரன் ஷிப்ட் முடிந்து தினமும் மல்லாபூர் வந்தார். கோழி ஈரல் கொண்டுவந்தார், மீன் தலை கொண்டுவந்தார், ஆட்டுக் குடல் கொண்டுவந்தார். குட்டியின் முன்னால் வைத்துவிட்டு, முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். சேதி பரவி வேறு பெண்களும் வந்தார்கள். துபாயில் புருஷனைத் தொலைத்தவள், சூரத்தில் மகனைத் தொலைத்தவள், எங்கே தொலைத்தோம் என்றே தெரியாதவள். ஆளுக்கொரு கருவாட்டுப் பொட்டலம் கொண்டுவந்தார்கள். அவர்களுக்காகக் குட்டி கருவாட்டை மட்டும்தான் கக்கியது. ஒரே ஒரு தடவை, யாரும் கேட்காமலேயே, ஒரு பித்தளைக் காப்பு வந்தது. அதில் ஒடிசா எழுத்தில் ஏதோ பொறித்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு யாரோ ஒருவனும் வேறு யாருடைய பாஸையோ மாட்டிக்கொண்டு போயிருக்கிறான். அவனைத் தேடி எந்தக் கேட்டிலும் யாரும் வந்து நிற்கவில்லை. லூர்துமேரி அதையும் கழுவி மாதா காலடியில் வைத்தாள்.

அக்டோபர் கடைசியில் ஒரு நகம் வந்தது. வலதுகைக் கட்டைவிரல் நகம், ஸ்பேனர் விழுந்து கறுத்துப்போன பாதியோடு. ஜெயச்சந்திரன் அதைத் தீப்பெட்டியில் வைத்துக் கொண்டு ஓடினார். நகம் வாரா வாரம் வெட்டிப் போடுவதுதானே என்று சாமியார் சொன்னார், சொல்லிவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் ஜெயச்சந்திரனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சாமான் முடிந்து ஆள் வர ஆரம்பித்துவிட்டான், அடுத்தது எலும்புதான். கல்லறைத் திருநாளுக்கு அந்த வாரம்தான் மிச்சம். சாயங்காலம் அவர் ஈரலும் மீனும் நிறைந்த ஒரு பெரிய தட்டோடு வந்தார். குட்டி கோணிச்சாக்கில் கிடந்தது. அன்று காலையிலிருந்து அது எழுந்திருக்கவில்லை. சபீனா அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "மம்மி, யே மர் ஜாயேகீ, இது செத்துப்போகும்" என்று ஹிந்தியிலும் தமிழிலுமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவள் தானாகத் தமிழ் பேசியது அன்றுதான்.

மீன் வாசனைக்குக் குட்டி எழுந்தது. கால்கள் நடுங்கத் தட்டுக்கு வந்து விழுங்க ஆரம்பித்தது. ஒரு வாய் விழுங்கியது, தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தது, இன்னொரு வாய் விழுங்கியது. தெருமுனையில் ஏதோ ஒரு வண்டி ஹார்ன் அடித்தது. குட்டி திடுக்கிட்டு, இரண்டு மடங்கு வேகத்தில் விழுங்கியது. லூர்துமேரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை நாள் அது கக்குவதைத்தான் பார்த்திருந்தாள், தின்பதைப் பார்க்கவில்லை. குனிந்து தட்டை இழுத்துக்கொண்டாள்.

"இன்னா பண்ற மேரி? எதுக்கு எடுக்குற?" என்றார் ஜெயச்சந்திரன். "இன்னும் ரெண்டு வாய். எலும்பு வந்துடும்."

"வேணாம் மாமா."

"தம்பிய மண்ணுல வெக்க வேணாவா?"

"அவரு ஒரு நாளாவது உக்காந்து தின்னாரா? இந்தக் கையாலதான் போட்டேன், சீக்கிரம் சீக்கிரம்னு நானும் சேந்துதான் சொன்னேன், வண்டி போயிடும்னு. இதாவது மெதுவா தின்னட்டும்."

"மெதுவா தின்னா ஒண்ணும் வெளிய வராதும்மா."

"தெரியும்."

"அப்போ இருதயம்?"

"உள்ளயே இருக்கட்டும் மாமா" என்றாள் லூர்துமேரி.

ஜெயச்சந்திரன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். அவருக்குக் கிடைத்த வேலையை நினைத்து அழுதார் என்று அவர் பெண்சாதி பிறகு சொன்னாள். மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தார். கையில் ஈரல் இல்லை, ஒரு கேன்வாஸ் பை இருந்தது. ரயில் பாதையில் போடும் கருங்கல் ஜல்லியில் குட்டி விழுங்க முடியாத அளவுக்குப் பெரிதாகப் பார்த்துப் பொறுக்கி, கூர் முனைகளை ஒர்க்‌ஷாப்பில் சாணை பிடித்து, சோடா போட்டுக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். லூர்துமேரி இருதயராஜ் சாப்பிடும் எவர்சில்வர் தட்டை எடுத்து அந்தக் கற்களைப் பரப்பினாள். வெந்த கோழியை நூல் நூலாகப் பிய்த்துச் சோற்றில் பிசைந்து ஒரு ஸ்பூன் அளவு கற்களுக்கிடையே வைத்தாள். குட்டி கற்களைத் தள்ளப் பார்த்தது, கத்தியது, கடைசியில் நக்கியது. நக்கி முடிந்ததும் இன்னும் கேட்டுக் கதறியது. அவள் அதை மடியில் வைத்து வயிற்றைத் தடவி, பொறு, எங்கேயும் போக வேண்டாம், வண்டி போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சோறு உள்ளேயே தங்கியது. அடுத்த ஸ்பூனும் தங்கியது.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அவளிடம் கல்லறை இல்லை. மாமனார் கல்லறையில் ஓர் ஓரமாக ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு நின்றாள். விஜயவாடா சேதி உண்டா என்று ஒருத்தி கேட்டாள். இல்லை என்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள், வந்ததும் அடுத்த ஸ்பூனை வைத்தாள். பொத்தான், சாவி, உத்தரியம், பூட்ஸ், காப்பு, நகம். அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

குட்டி தேறியது. முதலில் விலா எலும்பு மறைந்தது, பிறகு ரோமம் பளபளத்தது, கிறிஸ்துமஸுக்குள் கேக் வாங்கி வைத்திருந்த அலமாரியில் ஏறும் அளவுக்குத் திமிர் வந்துவிட்டது. அலமாரி உடைந்தது அன்றுதான். பூனை சாதாரணப் பூனை அளவில்தான் இருந்தது, பக்கத்து வீட்டுப் பூனையோடு நிறுத்தினால் இது ஒரு விரல் சின்னது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் தவக்காலத்தில் சபீனாவால் அதைத் தூக்க முடியவில்லை. ஈஸ்டருக்குள் லூர்துமேரியாலும் முடியவில்லை. அது நடந்தால் தரையில் பாத்திரங்கள் அதிர்ந்தன. இருதயராஜ் எப்போதும் கட்டிலின் சுவரோரப் பக்கம் படுப்பான், அவன் போன பிறகு அந்தப் பக்கம் மேலே எழும்பியே கிடந்தது. பூனை அங்கே ஏறிப் படுக்க ஆரம்பித்ததும் அவன் படுத்தால் எவ்வளவு பள்ளம் விழுமோ அவ்வளவு பள்ளம் விழுந்தது. லூர்துமேரி தூக்கத்தில் அந்தச் சரிவுக்கு உருண்டு போனாள், பத்தொன்பது வருஷம் உருண்டது போலவே. பூனைக்கு லேசாக இருமலும் இருந்தது.

தடுப்பூசிக்காக அதை ஒரு தள்ளுவண்டியில் நாச்சாரம் கொண்டுபோனார்கள். டாக்டர் சுப்ரியா பூனைத் தராசில் வைத்தார், தராசு போய்விட்டது. பெரிய நாய்களை நிறுக்கும் மேடையில் ஏற்றச் சொன்னார், முள்ளைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அது எந்தப் பூனையின் எடையும் இல்லை, நடுத்தர வயசு ஆம்பளையின் எடை. இப்போது கக்குகிறதா என்று கேட்டார். இல்லை என்றாள் லூர்துமேரி. அப்படியென்றால் சாப்பாட்டை மாற்ற வேண்டாம் என்று சொல்லி ஊசி போட்டார். வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் நாற்காலியில் படுத்திருந்த பூனையைத் தூக்கி வைத்துவிட்டு உட்காரப் பார்த்தார். இரண்டு கையாலும் பார்த்தார். பிறகு நின்றபடியே ஜெபத்தைச் சொன்னார், போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, நவம்பரில் தோட்டத்து வேலை முடிந்ததும் இங்கே வருகிறேன் என்றார்.

இரண்டாவது வருஷ மழையில் ராகேஷ் வந்தான். தங்கைக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. அவனும் இளைத்துத்தான் போயிருந்தான், எது தின்றாலும் தங்குவதில்லை என்று தெருவில் சொன்னார்கள். உள்ளே வராமல் வாசலில் நின்றான். பூனை வாசற்படியில் குறுக்கே படுத்திருந்தது.

"அக்கா, அன்னிக்கு அண்ணன் என் பாஸ்லதான்..." என்றான்.

"தெரியும்."

"மாஃப் பண்ணுங்கக்கா."

சாரல் உள்ளே அடிக்குது, அந்தப் பூனைய தூக்கி உள்ள விடு, கதவ சாத்தணும் என்றாள் லூர்துமேரி. ராகேஷ் குனிந்து ஒரு கையால் தூக்கினான். பிறகு இரண்டு கையாலும் தூக்கினான். முழங்காலை மடக்கி, மூட்டை தூக்குகிறவன் மாதிரி அடியில் கை கொடுத்துப் பார்த்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. இருதயராஜும் அவனும் ஒரே வண்டியில் தோளோடு தோள் இடித்துப் போய் வந்தவர்கள், அந்தக் கனம் அவனுக்குத் தெரிந்த கனம்தான். அவன் மழையிலேயே உட்கார்ந்து பூனையின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டான். அவள் தட்டில் சோறு போட்டு எடுத்துவந்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

"மெதுவா தின்னு" என்றாள்.

ராகேஷ் பிறகு போலீஸ் ஸ்டேஷன் போய் உள்ளதைச் சொன்னான். அதற்குள் கம்பெனி வேறு பெயருக்கு மாறியிருந்தது, கான்ட்ராக்டர் வேறு ஊருக்கு மாறியிருந்தார், முன்பு தலையாட்டியது பொய்யா இப்போது சொல்வது பொய்யா என்று கேட்டு அவனைத்தான் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். நியாயம் அந்த அளவில்தான் கிடைத்தது. விஜயவாடாப் பொம்பளையைப் பற்றி மட்டும் மல்லாபூரில் யாரும் பேசுவதில்லை. பேச நினைத்தவர்களை ஜெயச்சந்திரன் ஒவ்வொருவராக வீட்டுக்குக் கூட்டிவந்து பூனையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார்.

இப்போது ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் ஜெயச்சந்திரன் காலையில் சுண்ணாம்பு வாளியோடு மல்லாபூர் வந்து, கட்டிலுக்குப் பின்னால் உள்ள சுவருக்கு வெள்ளையடிக்கிறார். சபீனா காலேஜுக்கு லீவு சொல்லிவிட்டுச் சாமந்தி மாலை வாங்கி வருகிறாள். அதைப் பூனையின் கழுத்தில் போட்டால் உதறிவிடுகிறது என்பதால் கட்டிலில் அது படுத்த பள்ளத்தைச் சுற்றி வைக்கிறார்கள். வால் படாத தூரத்தில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், ஒன்று இருதயராஜுக்கு, ஒன்று காப்புக்காரனுக்கு. ராகேஷ் கதவோரம் நிற்கிறான். தோட்டத்தில் மற்றவர்களை எல்லாம் மந்திரித்துவிட்டு சாமியார் கடைசியாக வந்து தீர்த்தம் தெளிக்கிறார். பூனைக்குத் தண்ணீர் பிடிக்காது, காதை மடக்கிக்கொள்ளும், ஆனால் எழுந்திருக்காது. ஜெபம் முடிந்ததும் லூர்துமேரி எவர்சில்வர் தட்டில் கற்களுக்கிடையே சோற்றைப் பரப்பி அதன் முன்னால் வைக்கிறாள். அது கல்லைச் சுற்றிச் சுற்றி நக்கித் தின்று முடிக்க வெகுநேரம் ஆகும். அதுவரை எல்லோரும் நிற்கிறார்கள், யாரும் அவசரப்படுத்துவதில்லை. தெருமுனையில் ஜீடிமெட்லா வண்டி வந்து ஹார்ன் அடிக்கும். பூனை திரும்பிப் பார்ப்பதில்லை.